அறியாதவன் கைப்பொருள்

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. துறவியர்க்கு மாவிரதங்களை வகுத்த ஆன்றோர், இல்லறத்தார்க்கு அணுவிரதங்களையே வகுத்தனர். ஆதி பகவன் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் வாணிகமும் ஒன்று என்பது நம் புராண மரபு. வாளும் எழுத்தும் உழவும் கல்வியும் சிற்பமும் எவ்வாறு வாழ்வுக்கு வேண்டப்படுவனவோ, அவ்வாறே கொள்ளலும் கொடுத்தலும் வேண்டப்படுவன. ஆகவே, சிராவகர் வாணிகம் செய்யலாமா என்பது நமக்கு வினாவே அன்று. எப்படிச் செய்வது என்பதே வினா.

அவ்வினாவின் ஒரு சிறு கிளையை இங்கு எடுத்துக்கொள்கிறோம். இருவர் ஒரு பொருளை மாற்றிக்கொள்கின்றனர். ஒருவனுக்கு அதன் மதிப்புத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் பொய் எதுவும் சொல்லவில்லை, எடையைக் குறைக்கவில்லை, அச்சுறுத்தவில்லை. வாய் திறவாமல் இருந்தான், அவ்வளவே. தெரியாதவன் மனமுவந்து கொடுத்தான். இதில் குற்றம் உண்டா?

இவ்வினா நம்மிடம் வந்து சேர்ந்த விதம் சற்றுப் புதுமையானது. ஆதலின் அதனை முதலில் கூறுதல் வேண்டும்.

சோழபுரத்தில் நிகழ்ந்தது

சென்ற ஆண்டு கழுகுமலைத் தரிசனத்திற்காகத் தென்பாண்டி நாடு சென்றிருந்தோம். இராசபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் பணிபுரியும் நம் தம்பி மகன், அவ்வட்டத்துச் சோழபுரத்தில் குடியிருக்கிறார். அவர் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்கினோம். வடக்கே வந்தவாசிப் பக்கத்தில் நம்மவர் கூட்டமாக வாழ்வதுபோல் அங்கு இல்லை. ஆயினும் அவ்வீட்டில் இரவு உணவு கதிரவன் மறையுமுன்னே முடிந்துவிடுகிறது. காலையில் பஞ்ச நமஸ்காரம் ஒலிக்கிறது. அதுகண்டு மகிழ்ந்தோம்.

அவ்வீட்டு மூத்த பையனுக்கு 14 வயது. இரண்டாம் நாள் மாலை அவன் கைப்பேசியை நீட்டி, "தாத்தா, இதைப் பாருங்கள்" என்றான். திரையில் வண்ண வண்ணமாய் ஒரு விலங்கு துள்ளிக்கொண்டிருந்தது. ரோப்ளாக்ஸ் என்னும் விளையாட்டுத் தளத்தில் 'அடாப்ட் மீ' என்றொரு விளையாட்டு 2017ஆம் ஆண்டு முதல் உள்ளதாம். அதில் பிள்ளைகள் விளையாட்டுக் காசு சேர்த்து முட்டை வாங்குகின்றனர். முட்டையிலிருந்து வளர்ப்புப் பிராணி வெளிவருகிறது. பெரும்பாலானவை எளியவை, ஒரு சில மட்டும் அரியவை. அவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்ளவும் இயலும்.

"எதிர்வீட்டுத் தம்பியிடம் இருந்து வாங்கினேன். இரண்டு சாதாரணப் பிராணிகளைக் கொடுத்தேன். இதன் மதிப்பு அவனுக்குத் தெரியவே தெரியாது!" என்று கூறிச் சிரித்தான்.

எதிர்வீட்டுச் சிறுவனுக்குப் பத்து வயது. சத்திரப்பட்டிப் பக்கத்தில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகன். தந்தையின் கைப்பேசி இரவில் அரைமணி நேரமே அவனுக்குக் கிடைக்கும். அந்த அரைமணி நேரங்களைப் பல வாரங்கள் சேர்த்து அவன் அந்த முட்டையை வாங்கியிருக்கிறான்.

அவ்விளையாட்டை நடத்துவோர், சிறுவர் ஏமாற்றப்படுவதைக் கண்டு, 2020ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தனர். ஏமாற்று வகைகளைப் பற்றிய சிறு தேர்வொன்றில் தேறி உரிமம் பெற்றவரே மிக அரிய பிராணிகளை மாற்றிக்கொள்ள முடியும். "அவன் அந்தத் தேர்வில் தேறினானா?" என்று கேட்டோம். நம் பையன் சற்றுத் தயங்கினான். பிறகு, "விடைகளை என்னிடம்தான் கேட்டு எழுதினான்" என்றான்.

இந்த ஒரு விடையில்தான் முழு வழக்கும் அடங்கியுள்ளது என்று நமக்குத் தோன்றியது.

மாவினால் செய்த கோழி

நம்முள் பலர் இதனை ஒரு பொருட்டாகவே கருதார். திரையில் தோன்றும் நிழல் விலங்கு. தொடவும் இயலாது, உண்ணவும் இயலாது. அத்தளத்தின் ஒப்பந்தப்படி அது ஆடுவோனின் உடைமைகூட அன்று; பயன்படுத்திக்கொள்ளும் இசைவு மட்டுமே அவனுக்கு உண்டு. இல்லாத பொருளைக் களவாடுவது எங்ஙனம்?

இதற்கு விடை நம் காப்பிய மரபிலேயே உள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதையை நம் இல்லத்துப் பெண்டிரும் சிறாரும் அறிவர். தாய் சந்திரமதி உயிர்ப்பலி வேண்டுகிறாள். மகன் யசோதரன் கொலைக்கு அஞ்சுகிறான். முடிவில் இருவரும் ஓர் இடைவழி காண்கின்றனர். மாவினால் ஒரு கோழி செய்து, அதனை வெட்டிப் பலியிடுகின்றனர். கோழிக்கு உயிர் இல்லை, குருதி இல்லை, வலி இல்லை. ஆயினும் அச்செயலின் வினை அவ்விருவரையும் மயிலாகவும் நாயாகவும் பின்னும் பல விலங்குகளாகவும் பிறவிதோறும் துரத்துகிறது. வெட்டுண்டது மாவு, வெட்டியது கொலை எண்ணம். வினை எண்ணத்தைப் பற்றியது, மாவைப் பற்றியதன்று.

திரவிய இம்சை, பாவ இம்சை என்று நம் ஆசாரியர்கள் பகுத்தது இதற்காகவே. களவுக்கும் இப்பகுப்புப் பொருந்தும். கைப்பேசித் திரையில் துள்ளும் விலங்கு மாக்கோழியே ஆகட்டும். அதனைக் கொள்ளும்போது, 'இவன் அறியாதிருக்கிறான், அறியுமுன் கொண்டுவிட வேண்டும்' என்று விரைந்த உலோபமும், 'இவனுக்குத் தெரியக் கூடாது' என்று மறைத்த மாயையும் நிழலல்ல. நான்கு கசாயங்களுள் இரண்டு அங்கே உயிரோடு நின்றன.

மேலும், எதிர்வீட்டுச் சிறுவன் இழந்தது நிழல் மட்டுமன்று. பல வாரங்களின் அரைமணி நேரங்களை இழந்தான். அண்ணன் என்று நம்பியவனிடம் வைத்த நம்பிக்கையையும் தான் அறியாமலே இழந்தான்.

அடைக்கலப் பொருளும் வாய் திறவாமையும்

இனி, பொய் சொல்லாதவன் மீது பொய்க்குற்றம் சாரும் வகையைப் பார்ப்போம்.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நியாசாபகாரம். அடைக்கலப் பொருளைக் கவர்தல் என்பது அதன் பொருள். இதற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கம் வியப்புக்குரியது. அடைக்கலம் வைத்தவன் திரும்ப வருகிறான், தான் வைத்த தொகையை மறந்துவிட்டான், குறைத்துக் கேட்கிறான். வைத்திருப்பவன், 'அவ்வாறே ஆகுக' என்று கூறி அவன் கேட்ட அளவை மட்டும் கொடுக்கிறான். இதுவே நியாசாபகாரம்.

இங்குக் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது, பொய் எதுவும் புனையப்படவில்லை. தவறான தொகையைக் கூறியவன் உரியவனே. இரண்டாவது, உரியவன் மனநிறைவோடு செல்கிறான். மூன்றாவது, இதனை ஆசிரியர் களவின்கீழ் வைக்காமல் வாய்மையின்கீழ் வைத்தார். பிறன் மறதியைத் திருத்தாமல் அதற்கு இசைந்து நிற்பது, பொய்யுரைத்தலோடு ஒக்கும் என்பது கருத்து. மறதியும் அறியாமையும் இவ்வகையில் ஒன்றே அன்றோ?

அதே அத்தியாயம் கள்ளாமை விரதத்திற்குக் கூறும் அதிசாரங்களுள் குறையளவு மிகையளவுகளால் கொடுத்து வாங்குதலும், போலிப் பொருளை மெய்ப்பொருளாக விற்றலும் நாம் நன்கறிந்தவை. மற்றொன்று, விருத்த ராச்சிய அதிக்கிரமம். இதனை அரசின் ஆணையை மீறிய வாணிகம் என்று சுருக்கமாகக் கூறிச் செல்வது வழக்கம். பூஜ்யபாதரோ இன்னும் ஆழமாக நோக்குகிறார். நேரிய முறையல்லாத வேறு வகையால் கொள்வது அதிக்கிரமம் என்றும், குழப்பமுற்ற நாட்டில் விலையுயர்ந்த பொருள்கள் சிறுவிலைக்குக் கிடைக்கும் என்று முயலுதல் இதில் அடங்கும் என்றும் விளக்குகிறார். ஊர் கலங்கியிருக்கிறது, மக்கள் பொருளின் மதிப்பை நினைக்கும் நிலையில் இல்லை, அங்கே மலிவாக வாரிக்கொள்ளப் புறப்படுதல் தவறு. வாங்குபவன் பக்கத்துக் குற்றம் இவ்வாறு தெளிவாகச் சுட்டப்பட்டிருப்பது நினைவில் கொள்ளத்தக்கது. விற்பவன் மட்டுமே ஏமாற்றக்கூடியவன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சிலப்பதிகாரத்துக் கோவலனை எண்ணிப் பாருங்கள். பெருவணிகன் மகன்தான், ஆனால் மதுரைக்குப் புதியவன், தனியன், கையில் வேறு முதலில்லாதவன். ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு வந்து, அதன் மதிப்பறிந்தவன் என்று ஒரு பொற்கொல்லனை நம்பினான். அவன் செய்தது இன்னும் பெரிய கொடுமை. அதனோடு ஒரு சிறுவனின் செயலை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் தொடக்கம் ஒன்றே. அறியாதவன் அறிந்தவனை நம்பிப் பொருளைக் காட்டுகிறான்; அறிந்தவன் உள்ளத்தில் அந்நொடியில் ஒரு கணக்கு ஓடுகிறது.

சட்டம் விட்டதும் அறம் பிடித்ததும்

உலகியல் சட்டம் இவ்விடத்தில் என்ன கூறுகிறது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. வணிகர் இருவருள் ஒருவர் விலைமாற்றம் பற்றிய தனிச்செய்தியை அறிந்திருந்தாலும் மற்றவருக்கு அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவரல்லர் என்று எடுத்துக்காட்டும் தருகிறது. ஆனால் அதே பிரிவில், உடற்குறையுள்ள குதிரையை அப்போதுதான் வயது நிரம்பிய தன் மகளுக்கு விற்கும் ஒருவர், அவ்வுறவின் காரணமாகவே குறையைக் கூறக் கடமைப்பட்டவர் என்றும் காட்டுகிறது. நம்பிக்கை உள்ள இடத்தில் மௌனமும் ஒரு சொல் ஆகிவிடுகிறது என்பதைச் சட்டமும் ஒப்புகிறது. வயது நிரம்பாதோர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு. பத்து வயதுச் சிறுவனின் 'சரி' என்னும் சொல்லுக்குச் சட்டம் தராத கனத்தை, நாம் மட்டும் தருவது எவ்வாறு?

மேல்நாட்டாரும் இவ்வினாவோடு மல்லாடியுள்ளனர். உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வழக்கைக் கூறுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியக் கப்பலோடு ஒரு வணிகன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல கப்பல்கள் வருவதை அவன் கண்டிருக்கிறான், ஊரார் அறியார். சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்னும் தத்துவவாதி, மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்று வணிகன் பக்கம் நின்றார். அவர் மாணாக்கர் ஆன்டிபேட்டர், மனிதன் மனிதனுக்கு நன்மை செய்யப் பிறந்தவன், ஆதலால் சொல்லியே தீர வேண்டும் என்றார். சிசரோவின் தீர்ப்பு மாணாக்கர் பக்கமே. தம் ஆதாயத்தின் பொருட்டு, அறிய வேண்டியவர் அறியாதிருக்க விரும்புவதே மறைத்தல் என்று அவர் முடிவு கட்டுகிறார்.

பையன் கூறிய மறுமொழிகள்

நம் பையன் அறிவுள்ளவன். அவனோடு இதைப் பேசியபோது எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கூறியவற்றைப் பெரியவர்களும் கூறக் கேட்டிருக்கிறோம்.

"அவன் மகிழ்ச்சியாகத்தானே கொடுத்தான்?" என்றான். அடைக்கலம் வைத்தவனும் மகிழ்ச்சியாகவே சென்றான் என்பதே நம் விடை. அந்த மகிழ்ச்சி உண்மை தெரியும் வரை நிற்பது. தெரிந்தால் உடையும் மகிழ்ச்சியை இசைவுக்குச் சான்றாகக் காட்டலாகாது.

"விலைகளை நான் பாடுபட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த உழைப்புக்குப் பயன் வேண்டாமா?" என்றான். இது கனமான வினா. அறிவுக்கு ஊதியம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவர் நாம் அறியாததை அறிந்திருப்பதற்காகவே பொருள் பெறுகிறார். பல பொருள்களின் தரமறிந்த வணிகர், ஓரிடத்துப் பொருளை மற்றோரிடம் சேர்த்து இலாபம் பெறுகிறார். ஆனால் இவ்விருவரின் அறிவும் எதிரிலுள்ளவனுக்குப் பயன்படுகிறது, அதற்கே ஊதியம். அவனுக்கு எதிராகத் திரும்பும் அறிவுக்கு ஊதியம் என்பது வேறு பெயர் பெறும். விளையாட்டில் திறமையால் வெல்வதை யாரும் குறைகூறார். அங்கே இருவரும் போட்டி என்று அறிந்தே இறங்குகின்றனர். சமமாக விலையறிந்த இருவர் பேரம் பேசுவதிலும் குற்றமில்லை. எதிர்வீட்டுச் சிறுவனோ போட்டிக்கு வரவில்லை. அண்ணனோடு பொருள் மாற்றிக்கொள்ள வந்தான்.

மூன்றாவதாக அவன் கூறியதே நம்மை அதிகம் வருத்தியது. "நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கும் ஒருவன் இப்படித்தான் செய்தான், தாத்தா. அப்போது யாரும் கேட்கவில்லையே!"

மறுநாள் கழுகுமலைக்கு அவனையும் அழைத்துச் சென்றோம். பாண்டியர் காலத்தில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அப்பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்துள்ளன. அவற்றின்கீழ்ச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் காணப்படுகின்றன. பார்சுவநாதர் திருவுருவத்தின் முன் அமர்ந்து, கமடன் மருபூதி வரலாற்றை அவனுக்குக் கூறினோம். ஒரு பிறவியில் மூண்ட பகையைக் கமடன் பிறவிதோறும் சுமந்து வந்தான், மருபூதியாய் இருந்த உயிர் ஒவ்வொரு முறையும் அதனைத் திருப்பித் தராமல் தன்னளவில் நிறுத்தியது, அவ்வுயிரே பார்சுவநாதராயிற்று. "உனக்குத் தீங்கு செய்தவன் வேறொருவன். நீ கணக்குத் தீர்த்ததோ இந்தச் சிறுவனிடம். இவன் நாளை யாரிடம் தீர்ப்பான்?" என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை.

பருத்தி மண்டி காட்டும் வழி

தனி மனிதர் மனந்திருந்துவது ஒன்று. அறியாதவன் அறியும்படி ஊரே ஏற்பாடு செய்வது மற்றொன்று. இரண்டும் வேண்டும். சோழபுரத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியே இதற்குச் சான்று பகரும்.

இராசபாளையம் பருத்தியால் வளர்ந்த ஊர். 1936ஆம் ஆண்டில் அங்கு நூற்பாலை நிறுவப்பட்டது. ஆனால் ஒரு காலத்தில் நாடெங்கும் பருத்தி விளைவித்தவனே அதன் விலையை அறியாதவனாக இருந்தான். துணிக்கடியில் விரல்களைப் பற்றித் தரகர்கள் தமக்குள் விலை பேசிக்கொள்வர். உரியவன் அருகிலேயே நின்று ஒன்றும் அறியாமல் பார்த்திருப்பான். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கை கோத்துப் பேசும் வழக்கத்தை நம்முள் முதியோர் கண்டிருப்பர். இவற்றைக் கண்டே 1928ஆம் ஆண்டின் அரச வேளாண்மை ஆணையம் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1936இல் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திருப்பூரில் அமைந்தது. இன்று இராசபாளையத்திலும் அத்தகைய கூடம் உண்டு. அங்கு நடப்பது என்ன? எடை எல்லோர் முன்னும் போடப்படுகிறது. விலை எல்லோர் காதிலும் விழுகிறது. வணிகரை அங்கு யாரும் விரட்டவில்லை. துணியை மட்டும் விலக்கினர்.

திரை உலகிலும் அவ்வாறே நிகழ்ந்துள்ளது. 2010ஆம் ஆண்டு முதல் பண்டமாற்று வசதி வந்த 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' என்னும் விளையாட்டில், புதியோரிடமிருந்து அரிய தொப்பிகளைச் சொற்பத்திற்குப் பறிப்பவனை ஆடுவோரே 'சுறா' என்று அழைத்தனர். பெயரிலேயே அவர்தம் தீர்ப்பு இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து நடத்தப்படும் 'ரூன்ஸ்கேப்' என்னும் விளையாட்டில் 2007ஆம் ஆண்டு நவம்பரில் பொதுச்சந்தை ஒன்று திறக்கப்பட்டு, பொருள்களின் விலை யாவரும் காணுமாறு வைக்கப்பட்டது. அடுத்து, இரு பக்கத்து மதிப்பும் பெரிதும் வேறுபடும் மாற்றங்களை நடத்துவோர் தடை செய்தனர். விளையாட்டுப் பொருளை வெளியே பணத்திற்கு விற்போரைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். அத்தடையால் நண்பனுக்கு நண்பன் பரிசளிப்பதும் நின்றது, ஆடுவோர் வருந்தினர், 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் தடை நீக்கப்பட்டது. பொதுச்சந்தையோ நிலைத்தது. தடைக்கும் வெளிச்சத்திற்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது. தடை தீயவனோடு நல்லவனையும் கட்டுகிறது. வெளிச்சம் தீயவனை மட்டுமே தடுக்கிறது.

நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை விலக்கி 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இரு சிறுவர் திண்ணையில் அமர்ந்து செய்துகொள்ளும் மாற்றத்தை எச்சட்டமும் எட்டிப் பாராது. அங்கே காவல் நிற்பது வளர்ப்பு ஒன்றே.

நம் வீட்டு விளக்கு

வளர்ப்பைப் பற்றி எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் கூறிவிடுதல் முறை.

கழுகுமலையிலிருந்து திரும்பும் வழியில் அப்பையன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, அந்த வெண்கல விளக்கை நீங்கள் வாங்கிய கதையை அப்பாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்களே. அந்தப் பாட்டிக்கு விலை சொன்னீர்களா?"

1986ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூரில் நாம் பணியிலிருந்தோம். தெருவில் ஒரு மூதாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு வெளியூர் புறப்பட்டார். பாத்திரங்களை எடைக்கு விற்றார். அவற்றுள் ஒரு விளக்கு இருந்தது. பித்தளை என்று அவர் எண்ணினார். பழைய வெண்கல வார்ப்பு என்பது நமக்குப் பார்த்த நொடியில் தெரிந்தது. ஒன்றும் கூறாமல் பித்தளை எடைக்குப் பணம் கொடுத்து எடுத்துவந்தோம். பின்னர் அறிந்தவர் ஒருவர் அதன் மதிப்பைப் பல மடங்காகக் கூறினார். அதன்பின் விருந்தினர் வரும்போதெல்லாம் இக்கதையை நம் சாமர்த்தியத்திற்குச் சான்றாகக் கூறி வந்தோம். அவ்வப்போது அருகில் ஒரு சிறுவன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை நாம் எண்ணவில்லை. நியாசாபகாரத்திற்குப் பொருள் சொன்ன வாயே அவனுக்கு அதைக் கற்பித்தும் இருந்தது.

"சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டோம். இனி அவனுக்கு ஆணையிடும் உரிமை நமக்கு இல்லை என்பதால், பிராணியைத் திருப்பிக் கொடு என்று கூறவில்லை.

ஊர் திரும்பி விசாரித்தோம். அம்மூதாட்டி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பெயரன் ஒருவர் திருவில்லிபுத்தூரிலேயே வாழ்கிறார். இரு மாதங்கள் கழித்து விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு தென்திசை சென்று, சோழபுரத்துப் பையனையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். நிகழ்ந்ததைக் கூறினோம். அவர் முதலில் ஐயுற்றார், பிறகு வியந்தார். "எங்களுக்கு இதெல்லாம் நினைவிலேயே இல்லையே, ஐயா" என்றார். மார்கழியில் வாசலில் ஆச்சி விளக்கேற்றுவார் என்று அம்மா சொல்லக் கேட்டதுண்டு, இதுதானா தெரியவில்லை என்றார். வாங்கி வைத்துக்கொண்டார். பெரிதாக நன்றி கூறவில்லை. நாமும் அதை எதிர்பார்த்தல் தகாது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வீட்டில் எரிந்திருக்க வேண்டிய விளக்கு நம் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர வழியில்லை.

பேருந்தில் திரும்பும்போது பையன், "நான் அதை நேற்றே கொடுத்துவிட்டேன், தாத்தா" என்றான்.

"அவன் மகிழ்ந்தானா?"

"இல்லை. அழுதான். 'அப்பவே ஏண்ணே சொல்லல?' என்று கேட்டான்."

மூன்று நாட்கள் அச்சிறுவன் விளையாட வரவில்லையாம். நான்காம் நாள் வந்தானாம். ஆனால் இப்போது எதை மாற்றிக்கொள்வதற்கு முன்னும் பிராணியின் பெயரை வேறொருவரிடம் விசாரித்துவிட்டே இசைகிறானாம். பொருள் திரும்பியது, முன்பிருந்த நம்பிக்கை அப்படியே திரும்பவில்லை. இதனைக் கூறும்போது பையனின் முகத்தைக் கண்ட நாம், அவனுக்கு மேலும் எந்த அறிவுரையும் கூறவில்லை.

இல்லங்களில் செய்யத்தக்கன

அன்புடையீர்! திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் நிறைவில், பிறர் பொருளையும் தம் பொருளைப் போல் பேணுவதே வாணிகம் செய்வார்க்கு வாணிகம் என்னும் கருத்து வைக்கப்பட்டுள்ளது. அதனைப் பிள்ளைகள் மனனம் செய்திருக்கின்றனர். மனனம் நடையாவதற்கு நாம் மூன்று வினாக்களை அவர்களுக்கும் நமக்கும் பழக்கலாம்.

நான் அறிந்ததை இவனும் அறிந்தால் இப்பொருளைக் கொடுப்பானா? கொடுப்பான் எனில் தயக்கமின்றிக் கொள்க. கொடான் எனில் முதலில் கூறிவிட்டுப் பிறகு கேட்க.

இவன் என்னை எதிராளியாக எண்ணி வந்தானா, நம்பி வந்தானா? நம்பி வந்தவனுக்கு அவன் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டோம். சிறியோர், முதியோர், புதியோர், இடுக்கண் உற்றோர் ஆகிய நால்வரும் எப்போதும் நம்பி வந்தோரே.

இக்கொள்ளலை அவன் முன்னிலையில் நான் பிறர்க்குக் கதையாகச் சொல்ல முடியுமா? முடியாதெனில் அது சாமர்த்தியம் அன்று.

தசலட்சண பருவத்தில் உத்தம ஆர்ஜவத்தையும் உத்தம சௌசத்தையும் போற்றி வழிபடுகிறோம். நேர்மையும் உலோபமின்மையும் அவற்றின் பொருள். அந்நாட்களுள் ஒன்றில், பிள்ளைகளோடு அமர்ந்து, இவ்வாண்டில் யாருடைய அறியாமையால் நாம் ஆதாயம் பெற்றோம் என்று வீட்டார் ஒவ்வொருவரும் சொல்லிப் பார்ப்பது நல்ல பிரதிக்கிரமணமாகும். பெரியவர்கள் முதலில் தொடங்க வேண்டும். திருப்பக் கூடியதைத் திருப்புவோம். உரியவர் இலராயின், புண்ணியம் என்று கணக்கெழுதாமல், அப்பொருளை அறத்திற்கு விடுவோம்.

'அப்போதே ஏன் சொல்லவில்லை?' என்று ஒரு பத்து வயதுச் சிறுவன் கேட்டான். அவ்வினா நம்மை நோக்கி எழுவதற்கு முன், அப்போதே சொல்லிவிடும் நாவை நமக்கும் நம் மக்களுக்கும் அருகன் அருள்நெறி நல்குவதாக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!